மஞ்சட் கொடியும் முட்டுக்கட்டையும்

பூரணை இரவுகளில் கல்லடிப் பாலத்தடியிலே பாடும் மீனின் இசை கேட்கும் என்பது மட்டக்களப்பார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டோர் பலர். கேட்டதாகச் சொல்லிக்கொண்டோர் அவரினும் பலர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அந்த ஆசை என்னையும் பிடித்து இழுக்கும். அண்மையில் ஒரு பூரணையன்று, வாவியில் காற்றடங்கிய வேளை பார்த்துப் பழைய பாலத்தின் ஓரமாகப் போய் நின்றேன். மீன் பாடவில்லை. வேறொரு கச்சேரி அங்கே நடந்துகொண்டிருந்தது.

ஐந்தாறு இளைஞர்கள் கைத்தொலைபேசி ஒன்றைச் சூழ்ந்து நின்று உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதன் சிறு திரையில், அமெரிக்க நகரமொன்றின் தெருக்களை அடைத்து நடத்திய மோட்டார்ப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் இருவர் ஒருகாலத்தில் என் வகுப்பில் இருந்தவர்கள். என்னைக் கண்டதும் ஒருவன் திரும்பி, "சேர், நீங்களே சொல்லுங்கோ, இது நியாயமா?" என்று கேட்டான்.

மோட்டார்ப் பந்தயம் பற்றி எனக்கு அன்று தெரிந்தது அற்பம். ஆனால் 'நியாயமா' என்ற கேள்வியை ஆசிரியத் தொழிலில் இருந்தவன் எவனும் கேளாதவன்போல் கடந்துபோக முடியாது. ஆகவே நின்றேன், கேட்டேன். வழக்கின் விவரம் இதுதான்: முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த சாரதி டயர் மாற்ற இன்னும் தரிப்பிடத்துக்கு வரவில்லை. எங்கோ பின்னால் ஒரு கார் சுவரில் மோதி நின்றது. உடனே பாதை முழுவதும் மஞ்சட் கொடி. தரிப்பிடம் மூடப்பட்டது. இரண்டு சுற்றுக்கு முன்னரே டயர் மாற்றியிருந்தவர்கள் தங்கள் இடங்களில் வரிசையாக நின்றார்கள். மூடிய தரிப்பிடம் திறந்தபின் உள்ளே போய்வந்த முதல்வன் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான்.

"முன்னுக்கு நின்றவன் ஒரு பிழையும் செய்யவில்லை. அவனுக்கு ஏன் தண்டனை?" என்றான் ஒருவன். "விளையாட்டென்றால் அதிர்ஷ்டமும் இருக்கத்தான் வேண்டும்" என்றான் மற்றவன். அதுவரை பேசாதிருந்த மூன்றாமவன், "சுவரில் அடிபட்டவன் உயிரோடு இருக்கிறானா என்று முதலில் பாருங்கோ" என்றான்.

அன்றிரவு நான் தீர்ப்புக் கூறவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். படித்ததன் விளைவே இக்கட்டுரை. கார்களைப் பற்றித் தொடங்கிய என் தேடல் கார்களோடு நிற்கவில்லை என்பதை வாசகர்கள் இறுதியிற் காண்பார்கள்.

சக்கரம் மூடாத கார்கள்

நாம் வீதியிற் காணும் கார்களின் சக்கரங்கள் உடலுக்குள்ளே மூடப்பட்டிருக்கின்றன. போர்மியுலாப் பந்தயங்களிலும் அமெரிக்க இண்டிகார்ப் பந்தயத்திலும் ஓடும் கார்களின் சக்கரங்கள் உடலுக்கு வெளியே, நான்கு பக்கமும் திறந்து நிற்கின்றன. எடை குறைவு, வேகம் அதிகம், ஆபத்தும் அதிகம். இரண்டு கார்கள் உரசும்போது சுழலும் சக்கரம் மற்றதன் சுழலும் சக்கரத்தில் ஏறிவிட்டால், பின்னால் வந்த கார் மேலே தூக்கி எறியப்படும்.

இத்தகைய கார்களைப் பந்தயத்துக்கென்றே அமைத்த திடல்களில் ஓட்டும்போது, பாதை தவறியவன் ஓடி நிற்கப் புல்வெளியும் மணற்பரப்பும் இருக்கும். நகரத் தெருவில் அவை இல்லை. இரு பக்கமும் கொங்கிறீற்றுச் சுவர், அதன்மேற் கம்பிவலை. கெட்டுப்போன காரைத் தள்ளிவைக்க ஓரம் கிடையாது. ஆட்கள் பாதைக்குள் இறங்கியே அதை அகற்ற வேண்டும். அவ்வாறு இறங்குவோரிற் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வந்தவர்களல்லர். விளையாட்டின்மீது கொண்ட பற்றினால் தாமாக முன்வந்த தொண்டர்கள். அவர்கள் இறங்கும்போது கார்கள் மெல்ல ஓட வேண்டும் என்பதற்காகவே மஞ்சட் கொடி.

கொடியின் இலக்கணம் எளியது. ஒரு மஞ்சட் கொடி அசைந்தால், வேகத்தைக் குறை, முந்தாதே என்பது பொருள். இரண்டு கொடிகள் சேர்ந்து அசைந்தால், நிறுத்துவதற்கும் ஆயத்தமாக இரு என்பது பொருள். சிவப்புக் கொடி ஓட்டத்தையே நிறுத்தும். ஆபத்து ஓரிடத்தில் மட்டும் என்றால் அவ்விடத்துக்கு மட்டும் கொடி. பெரிது என்றால் பாதை முழுவதற்கும் எச்சரிக்கை. அப்போது பாதுகாப்புக் கார் ஒன்று முன்னே செல்ல, பந்தயக் கார்களெல்லாம் அதன்பின் வரிசையாக ஊர்ந்துவரும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவன் அரும்பாடுபட்டு இருபது வினாடி முன்னிலை பெற்றிருப்பான். வரிசை கூடியதும் அந்த இருபது வினாடியும் காற்றிற் கரைந்துபோம். தரிப்பிடத்தை மூடுவது ஏன் என்றால், ஆட்கள் பாதையில் நிற்கும் வேளையில் டயர் மாற்றுவதற்காக எவனும் விரைந்தோடி வரக்கூடாது என்பதற்காக. நோக்கம் நல்லதே. ஆனால் அதன் விளைவாக ஏற்கெனவே மாற்றியவன் இலாபமடைகிறான், மாற்றாதவன் நட்டமடைகிறான். எவரையும் தண்டிக்க எழுதப்படாத விதி, குற்றமற்ற ஒருவனைத் தண்டித்துவிடுகிறது.

பாலத்தடி வழக்கின் வேர் இதுவே. இதை விளங்கிக்கொள்ள உலகம் மூன்று பந்தயங்களை விலையாகக் கொடுத்திருக்கிறது.

சுசூக்கா: தனிமனித விவேகத்தின் எல்லை

2014 ஒக்டோபர் 5ஆம் நாள் யப்பானின் சுசூக்காத் திடலில் மழையிடையே போர்மியுலா வன் பந்தயம் நடந்தது. ஒரு கார் வழுக்கிப் பாதையை விட்டு ஓரத்திற் போய் நின்றது. அதைத் தூக்குவதற்குப் பாரந்தூக்கும் இயந்திரம் வந்தது. அவ்விடத்தில் இரட்டை மஞ்சட் கொடிகள் அசைந்துகொண்டிருந்தன. அடுத்த சுற்றில் அவ்வழியே வந்த ஜூல்ஸ் பியாங்கி என்ற பிரெஞ்சு இளைஞர் பாதை தவறி அந்த இயந்திரத்தில் மோதினார். நினைவு திரும்பாமலே இருந்து 2015 ஜூலை 17ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 25.

விபத்தை ஆராய்ந்த குழு, அவர் போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்று கூறியது. கூற்று உண்மையாயிருக்கலாம். ஆனால் அதனோடு இன்னொரு கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். அவர் ஏன் குறைக்கவில்லை? வேகத்தை எவ்வளவு குறைப்பது என்பதைச் சாரதியின் விவேகத்துக்கே விதி விட்டிருந்தது. விவேகமுடையவன் அதிகம் குறைப்பான், நேரத்தை இழப்பான். துணிந்தவன் கொஞ்சம் குறைப்பான், நேரத்தை மீதப்படுத்துவான். அதாவது, எச்சரிக்கையாக இருப்பவனுக்கு அபராதம், துணிச்சற்காரனுக்குப் பரிசு. இப்படியான ஒழுங்கில் நல்லவனும் நாளடைவில் துணிச்சற்காரனாகிவிடுவான். இது மோட்டார்ப் பந்தயத்துக்கு மட்டும் உரிய உண்மையன்று.

2015இல் புதிய முறை வந்தது. அதற்கு மெய்நிகர்ப் பாதுகாப்புக் கார் என்று பெயர். உண்மையில் கார் எதுவும் வராது. கட்டளை பிறந்ததும் ஒவ்வொரு சாரதியும் குறித்த ஒரு நேர அளவுக்குக் கீழே போகாதபடி ஓட்ட வேண்டும். எல்லோரும் ஒரே அளவில் மெதுவாவதால், முன்னவனுக்கும் பின்னவனுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மெதுவாகப் போனதால் எவனும் தோற்கமாட்டான். இந்தத் தத்துவத்தை வாசகர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்: எச்சரிக்கையின் சுமையை எல்லோரும் சமமாகச் சுமந்தால், எச்சரிக்கையாக இருக்க எவரும் தயங்கார்.

சிங்கப்பூர்: ஆபத்தில் ஆதாயம்

2008 செப்டெம்பர் 28ஆம் நாள், நம் இனத்தவர் பலர் வாழும் சிங்கப்பூரின் தெருக்களிலே, போர்மியுலா வன் வரலாற்றின் முதலாவது இரவுப் பந்தயம் நடந்தது. ரெனோல்ட் அணியின் பெர்னாண்டோ அலொன்சோ பதினைந்தாம் இடத்திலிருந்து புறப்பட்டவர். மற்றவர்களைவிட வெகு முன்னதாகவே அவர் தரிப்பிடத்துக்கு வந்துபோனார். சிறிது நேரத்தில் அதே அணியின் மற்றொரு சாரதியான நெல்சன் பிக்கே இளையவரின் கார் சுவரில் மோதியது. பாதுகாப்புக் கார் வந்தது. தரிப்பிடம் மூடும் விதி அன்று போர்மியுலா வன்னிலும் இருந்தது. ஏனையோர் இடம் இழந்தனர், அலொன்சோ வென்றார்.

அடுத்த ஆண்டு உண்மை வெளியாயிற்று. அம்மோதல் விபத்தன்று, அணியின் மேலிடத்து ஏற்பாட்டின்படி வேண்டுமென்றே செய்தது என்று பிக்கே சாட்சியமளித்தார். ரெனோல்ட் அணி குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. அணித் தலைவர் பிளேவியோ பிரியாத்தோரேக்கு விதிக்கப்பட்ட தடையைப் பிரெஞ்சு நீதிமன்றம் 2010இல் நீக்கியது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவைக்க வேண்டும். எனினும் நடந்த செயல் நடந்ததே.

தொண்டர்களின் உயிரைக் காக்க எழுதிய விதியொன்று, சூழ்ச்சிக்குக் கருவியாயிற்று. சுவரில் மோதிய காரை அகற்றக் குனிந்த தொண்டன், தன் உயிரைப் பணயமாக வைத்து யாரோ ஒருவரின் வெற்றிக்கு உழைத்ததை அறியான். எச்சரிக்கையிலிருந்து ஒருவனுக்கு ஆதாயம் கிடைக்குமானால், அந்த ஆதாயத்துக்காக ஆபத்தை உண்டாக்கவும் மனிதன் துணிவான். தரிப்பிடம் மூடும் விதியைப் போர்மியுலா வன் 2009இல் கைவிட்டது. அமெரிக்கப் பந்தயத்தில் அது இன்னும் வாதத்துக்குரிய பொருளாக நிலைத்திருப்பதைத்தான் கல்லடிப் பாலத்தில் நான் கேட்டேன்.

அபுதாபி: ஒரு சொல்லின் விலை

மூன்றாவது பந்தயம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சிறப்பாக உரியது. ஏனெனில் அது ஒரு சொல்லைப் பற்றியது.

2021 டிசெம்பர் 12ஆம் நாள் அபுதாபியில் ஆண்டின் இறுதிப் பந்தயம். லூயிஸ் ஹமில்டனும் மக்ஸ் வெர்ஸ்டாப்பனும் சம புள்ளிகளுடன் களத்தில் இறங்கினர். முடிவுக்குச் சில சுற்றுகளே இருக்கையில், முன்னிலையில் இருந்தவர் ஹமில்டன். வேறொரு கார் சுவரில் மோதியது. பாதுகாப்புக் கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் புதிய டயர் மாற்றிக்கொண்டார். ஹமில்டன் பழைய டயருடனே நின்றார். இருவருக்கும் இடையில் ஒரு சுற்றுப் பின்தங்கிய கார்கள் ஐந்து. பின்தங்கிய வேறு கார்களும் வரிசையில் இருந்தன. பந்தய நெறியாளர் மைக்கல் மாசி அந்த ஐந்தை மாத்திரம் முன்னே போகவிட்டுக் கடைசிச் சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்தார். புதிய டயர் பழைய டயரை வென்றது. உலகப் பட்டம் கைமாறியது.

அன்றைய விதியில், பின்தங்கிய கார்கள் 'எவையேனும்' முந்திச் செல்லலாம் என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. 'எவையேனும்' என்றால் சிலவா, எல்லாமா? அந்த ஐயத்தின்மேல் ஓர் ஆண்டின் உழைப்பு முழுவதும் தொங்கியது. மாசி 2022இன் தொடக்கத்தில் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விசாரணை அறிக்கை, மனிதத் தவறு நேர்ந்தது என்றும், அவர் நல்லெண்ணத்துடனேயே செயற்பட்டார் என்றும் கூறியது. விதியிலிருந்த சொல்லை மாற்றி 'எல்லாம்' என்ற பொருள்படும் சொல்லை வைத்தார்கள்.

இலக்கணம் படித்து என்ன பயன் என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. அதனினும் பெரிய பாடம் ஒன்று இதில் உண்டு. விதி நடுவனுக்கும் விதியே. பந்தயம் சுவையாக முடிய வேண்டும், பார்ப்போர் மகிழ வேண்டும் என்ற ஆசை நடுவனுக்கு வந்த கணமே, எச்சரிக்கைக் கொடி நாடகத் திரைச்சீலையாகிவிடுகிறது.

சென்னையும் தியத்தலாவையும்

இவையெல்லாம் பிறநாட்டுக் கதைகள் என்று ஒதுக்குவோர்க்கு இரண்டு அயற்செய்திகள் சொல்வேன்.

2024 ஓகஸ்ட் 31ஆம் நாளும் செப்டெம்பர் 1ஆம் நாளும் சென்னையில், தீவுத்திடலைச் சுற்றிய பொது வீதிகளில், மூன்றரைக் கிலோமீற்றர் நீளமும் பத்தொன்பது திருப்பங்களும் கொண்ட பாதையில், சக்கரம் மூடாத போர்மியுலா நான்கு கார்கள் இரவு விளக்கொளியில் ஓடின. 2023 டிசெம்பரில் நடக்கவிருந்த பந்தயம் அது. மிக்ஜாம் புயலின் வெள்ளம் அதைத் தள்ளிப்போட்டது. வழக்குகளும் எழுந்தன. பொதுப் பணம் செலவாகலாமா, மருத்துவமனைகளுக்கு அண்மையில் இத்தகைய ஆரவாரம் தகுமா என்றெல்லாம் சென்னையில் வாதம் நடந்தது. பாதை தகுதியானது என்ற உலக மோட்டார்ச் சம்மேளனத்தின் சான்றிதழ் கிடைத்த பின்னரே ஓடலாம் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. மழையும் பெய்தது, சான்றிதழும் தாமதித்தது, முதல் நாள் நிகழ்ச்சிகள் பிந்தின. அந்தத் தாமதத்தைச் சிலர் ஏளனம் செய்தார்கள். எனக்கோ அதுவே அவ்விழாவின் சிறந்த நிகழ்ச்சியாகத் தோன்றியது. ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, ஒரு காகிதம் வரும்வரை இயந்திரங்கள் மௌனமாக நின்றன என்றால், அங்கே விதி உயிரோடிருந்தது என்று பொருள்.

மற்றது துயரச் செய்தி. அதே 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயம். அது தெருப் பந்தயமன்று. சக்கரம் மூடாத கார்களும் அல்ல. மண் பாதையில் ஓடும் பந்தயம். சில ஆண்டு இடைவெளிக்குப் பின் நடந்ததால் மலைச்சரிவெங்கும் மக்கள் வெள்ளம். ஒரு கார் கவிழ்ந்தது. மற்றச் சாரதிகளை எச்சரிக்கப் பணியாளர்கள் மஞ்சட் கொடியை அசைத்துக்கொண்டிருந்தனர் என்று பொலிசார் பின்னர் தெரிவித்தனர். அந்த வேளையில் வேறொரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் மாண்டனர். மாண்டோரில் பந்தயப் பணியாளரும் இருந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

பாலத்தடியில் மூன்றாவதாகப் பேசினானே, அந்த இளைஞன், நண்பர்களோடு செங்கலடி வழியாகப் பதுளை வீதியில் ஏறித் தியத்தலாவைக்குப் போக அன்று ஆயத்தம் செய்தவன். காய்ச்சல் அவனை வீட்டில் நிறுத்தியது. "அன்றைக்கு நான் போயிருந்தால் எங்கே நின்றிருப்பேன் என்று எனக்குத் தெரியும் சேர். எல்லாருக்கும் முன்னால்தான் நின்றிருப்பேன்" என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னான். பந்தய இரசிகனாகவே அவன் இன்றும் இருக்கிறான். ஆனால் கார் ஒன்று மோதினால் யாருக்கு இலாபம் என்று அவன் முதலிற் கேட்பதில்லை.

தியத்தலாவை நமக்குச் சொல்வது என்ன? கொடி இருந்தது, கொடி அசைந்தது, அதுமட்டும் போதவில்லை. எச்சரிக்கை என்பது ஒரு துணித்துண்டு அன்று. பாதையின் அமைப்பு, கூட்டம் நிற்கும் தூரம், நடுவே நிற்கும் தடுப்பு, கொடியைக் கண்டவுடன் மிதிக்கப் பழகிய கால் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒழுங்கே எச்சரிக்கை. 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது உலகம் கற்றதும் இதுவே. பார்க்க வந்தவர்களின் உயிர், ஓட வந்தவர்களின் உயிரைவிட மலிவானதன்று.

நம் வீதிகளில் நடக்கும் பந்தயம்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில் தினமும் ஒரு தெருப் பந்தயம் நடக்கிறது. கொடி இல்லை, நெறியாளர் இல்லை, தடுப்புச் சுவரும் இல்லை. ஓடுபவை பயணிகளை ஏற்றிய பஸ் வண்டிகள். முன்னே போகிறவனுக்கு அடுத்த தரிப்பில் நிற்கும் பயணிகள். பின்னே வருகிறவனுக்கு வெறும் ஆசனங்கள். சுசூக்காவின் கணக்கு இங்கும் அப்படியே பொருந்துகிறது. நிதானமாக ஓட்டும் சாரதிக்கு அன்றைய வருமானத்தில் அபராதம். முந்துகிறவனுக்குப் பரிசு. சாரதியின் ஒழுக்கத்தைப் பற்றி மேடைகளில் எவ்வளவு பேசினாலும் இந்தக் கணக்கு மாறாதவரை அவன் கால் மாறாது.

இதை நான் பிறர் குற்றமாக மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அத்தகைய பஸ் ஒன்றின் முன்னாசனத்தில் நான் இருந்தேன். பின்னால் வேறொரு பஸ் துரத்தி வந்தது. எங்கள் பஸ் விட்டுக்கொடுக்கவில்லை. பயணிகளில் சிலர் கைதட்டினர். உண்மையைச் சொல்வதானால், நானும் உள்ளூர மகிழ்ந்தேன். நாம் முந்துகிறோம் என்ற எண்ணத்தில் என்ன இன்பமோ! அடுத்த தரிப்பில் கூடையுடன் ஒரு முதிய பெண்மணி இறங்கினார். அவரது இரண்டாவது கால் நிலத்திற் படுமுன் வண்டி நகர்ந்தது. அவர் வீழ்ந்தார். முழங்காலும் கையும் சிராய்த்தன. கூடையிலிருந்த மாம்பழங்கள் வீதியில் உருண்டன. பெருங்காயமில்லை என்று எல்லோரும் ஆறுதலடைந்தோம். பஸ் நில்லாமல் ஓடியது. அந்த மாம்பழங்கள் உருண்டதை நான் இன்றும் மறக்கவில்லை. அன்று சாரதி மட்டும் பந்தயம் ஓடவில்லை. கைதட்டியவர்களும், தட்டாமல் மகிழ்ந்த ஆசிரியனும் சேர்ந்தே ஓடினோம்.

இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிகின்றனர். தியத்தலாவையில் ஒரே கணத்தில் ஏழு உயிர் போனதால் நாடு திடுக்கிட்டது. வீதிகளில் அதே ஏழு உயிர் இரண்டு நாளைக்குள் போய்விடுகிறது, நாம் திடுக்கிடுவதில்லை.

பரிகாரம் என்ன? பந்தய உலகம் கற்ற பாடத்தையே நாமும் கற்கலாம். அரச பஸ்களுக்கும் தனியார் பஸ்களுக்கும் பொதுவான ஒருங்கிணைந்த நேர அட்டவணை என்ற யோசனை நம் நாட்டில் நெடுநாளாக இருக்கிறது, சில வழிகளில் நடைமுறைக்கும் வந்தது, எதிர்ப்பும் கண்டது. மெய்நிகர்ப் பாதுகாப்புக் காரின் தத்துவம் இதுவே அல்லவா? ஒவ்வொரு வண்டிக்கும் அதற்குரிய நேரம். அந்த நேரத்துக்கு முன் போனால் பயன் இல்லை. பின்னே வருகிறவனும் தன் பங்கை இழக்கமாட்டான். அப்போது நிதானம் நட்டமாகாது. ஆனால் சிங்கப்பூரின் பாடமும் உடன் வேண்டும்: ஒழுங்கை வளைத்து ஆதாயம் காண எவருக்கும் இடமிருக்கலாகாது. அபுதாபியின் பாடமும் வேண்டும்: அட்டவணையைக் காப்பவர் ஒருவருக்கு ஒரு பொருளும் மற்றவருக்கு வேறு பொருளும் சொல்லலாகாது. ஒன்று இருந்து மற்றவை இல்லையென்றால் ஒழுங்கு காகிதத்திலேயே நின்றுவிடும்.

பழைய பாலமும் பாதையும்

இத்தகைய ஒழுங்கு நமக்குப் புதியதன்று. 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் ஒருவழிப் பாலம். ஒரு கரையின் வண்டிகள் கடக்கும்வரை மறு கரையின் வண்டிகள் நின்றன. காரில் வந்தவரும் நின்றார். மாட்டுவண்டியில் வந்தவரும் நின்றார். முணுமுணுத்தோர் உண்டு, ஆனால் பாலத்தின் நடுவே எவரும் எவரையும் முந்தியதில்லை. அகலம் அனுமதிக்கவில்லை. 2013இல் புதிய பாலம் வந்தது; போக்குவரத்துத் தொல்லை தீர்ந்தது; அது நமக்குப் பெரும் வசதி. பாலம் அகன்றபோது நம் பொறுமை மட்டும் ஏன் ஒடுங்கிற்று என்றே கேட்கிறேன். அகன்ற பாலத்தில் இரவு நேரங்களில் இளைஞர் சிலர் மோட்டார்ச் சைக்கிள்களை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதை இவ்வூரார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் 'பாதை'யில் முன்பொரு நாள் நின்றிருந்தேன். நம் பகுதியில் மனிதரையும் வாகனங்களையும் சுமந்து செல்லும் மிதவைக்குப் பாதை என்றே பெயர். காற்று எழுந்திருந்தது. பிரயாணிகள் அவசரப்பட்டார்கள். பாதை ஓட்டும் முதியவர் நீரைப் பார்த்தபடி, "பொறு மனே, காத்து விழட்டும்" என்று ஒரே வார்த்தை சொன்னார். ஆசிரியர், வியாபாரி, மாணவன், மண்டூர்க் கோயிலுக்குப் போகும் அடியார் எல்லோரும் காத்திருந்தோம். எவருக்கும் வருத்தமில்லை, ஏனெனில் எவரும் எவரையும் முந்திப் போகவில்லை. அந்த முதியவரின் வாய்ச்சொல்லே அன்று எங்கள் மஞ்சட் கொடி. அத்தகைய ஒரு சொல்லின் மதிப்பை, 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டபோது, கிழக்கு மாகாணம் முழுவதும் கண்ணீருடன் உணர்ந்தது.

தமிழில் 'முட்டுக்கட்டை' என்ற சொல்லை நாம் வசைச் சொல்லாகவே வழங்குகிறோம். நல்ல காரியத்தைத் தடுப்பவனை முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். கோயில் தேரோட்டத்தின்போது சக்கரத்தருகே குனிந்து நிற்பவனை ஒருமுறை பாருங்கள். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர், ஆரவாரம் அவர்களுக்கு. கட்டையைக் கையில் ஏந்திச் சக்கரத்தோடு சக்கரமாக நகர்பவன் ஒருவனோ இருவரோ. அவனை எவரும் பாடுவதில்லை. அவன் கட்டையை உரிய கணத்தில் இடாவிட்டால் தேர் வீதியில் நிற்காது. வீட்டுத் திண்ணையில்தான் நிற்கும். நம் மூதாதையர் தேரைச் செய்தபோதே அதை நிறுத்தும் கட்டையையும் செய்தார்கள். நாம்தான் தேரைக் கும்பிட்டுவிட்டுக் கட்டையைத் திட்டுகிறோம்.

அடுத்த பூரணைக்கு மறுபடியும் பாலத்துக்குப் போனேன். அதே இளைஞர்கள் இருந்தார்கள். என் தீர்ப்பைக் கேட்டார்கள். "முன்னுக்கு நின்றவனுக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆனால் அதற்குப் பரிகாரம் கொடியைக் காட்டாமல் விடுவதன்று, கொடி காட்டினால் எவனும் கெடாதபடி விதியைத் திருத்துவது" என்றேன். முதலாவது இளைஞன் சற்று யோசித்து, "அப்ப விதி திருந்தும்வரைக்கும்?" என்று கேட்டான்.

"அதுவரைக்கும் தோற்றாலும் மெதுவாகத்தான் போக வேண்டும்" என்று, நான் வாய் திறக்குமுன், மூன்றாவது இளைஞன் சொன்னான்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவர்கள் மோட்டார்ச் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். புதிய பாலத்தின்மேல் அவர்களுடைய பின்விளக்குகள் தெரிந்தவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அவை ஒன்றையொன்று முந்தவில்லை. நாளையும் முந்தாவென்று உறுதி கூற நான் யார்? காற்று விழுந்திருந்தது. மீன் பாடுமோ என்று இன்னுஞ் சிறிது நேரம் காதைக் கொடுத்து நின்றுவிட்டு, வீடு திரும்பினேன்.